வாயடைக்கப்பட்ட முதுமை

ஆற்றிலே போட்டதைக் குளத்திலே தேடியவருக்கு அருளாளர் என்று பெயர். மூக்குக்கண்ணாடியை அரிசிப் பானைக்குள்ளே வைத்துவிட்டு அடுப்படியெல்லாம் தேடுகிற மூதாட்டிக்கு என்ன பெயர்? கிறுக்கு!

முன்னவர் சுந்தரர். திருமுதுகுன்றத்திலே பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றிலே போட்டார், திருவாரூர்க் கமலாலயக் குளத்திலே எடுத்தார் என்று புராணம் கூறுகிறது, கேட்போர் கசிந்துருகுகின்றனர். பின்னவரைப் புராணம் பாடவில்லை. அவர் அதே திருமுதுகுன்றத்திலே, விருத்தாசலம் என்று வடமொழியில் மாற்றிப் பெயரிடப்பட்ட இவ்வூரிலே, பீங்கான் கொட்டகைகளுக்குப் பின்புறம், ஓட்டு வீட்டுத் திண்ணையிலே அமர்ந்திருக்கிறார். முதுகுன்றம் என்றாலும் விருத்தாசலம் என்றாலும் பொருள் ஒன்றுதான்: பழைய மலை. மலைக்கு வயதானால் மாண்பு. மனிதர்க்கு வயதானால் மூலை! இவ்வூரிலே உயிர்விட்டால் காசியிலே கிட்டுவதினும் மேலான முத்தி கிட்டும் என்று வைதீகர்கள் வாக்களிக்கிறார்கள். இறந்தபின் கிடைப்பதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். இறக்குமுன், நினைவு தளர்ந்த காலத்திலே, ஒரு முதியவருக்கு அவர் முகம் பார்த்து நாலு வார்த்தை கிடைக்கிறதா? நான் கேட்பது அது.

கிடைக்கவில்லை, தோழர்களே! அவரைப் பற்றிப் பேசுகிறார்கள், அவரோடு பேசுவதில்லை. மருத்துவர் மகனைப் பார்த்துக் கேட்கிறார்; மகன் மனைவியைப் பார்க்கிறான்; மனைவி சொல்லத் தொடங்குமுன் செவிலியர் ஏட்டிலே எதையோ குறித்துவிடுகிறார். நடுவிலே, கட்டிலின் மீது, கண்ணும் காதும் உள்ள ஓர் உயிர், ஏலக்கடைப் பண்டம்போல! பண்டத்தின் விலையைப் பண்டத்திடம் யார் கேட்பார்?

"வயதானால் அப்படித்தான்" என்கிறது ஊர். "முன்வினை" என்கிறது பழமை. "யாரோ ஏவிவிட்டார்கள்" என்று மந்திரித்த கயிறு கட்டுகிறது அறியாமை. "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கைவிரிக்கிறது பட்டம் பெற்ற அறிவு. நால்வரும் நான்கு திசையிலிருந்து வந்தாலும் போய்ச் சேருமிடம் ஒன்றுதான். பேசிப் பயனில்லை என்ற இடம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். டிமென்சியா என்று மருத்துவர் கூறும் இந்த நினைவிழப்பு, முதுமையின் இயல்பான விளைவன்று. மூளையைத் தாக்கும் நோய்களால் வருவது. அல்சைமர் நோய் அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது. மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் கெடுவதாலும் வருவதுண்டு. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எவர்க்கும் உள்ளது. சாவி எதற்காக என்பதே மறந்துபோவது நோய். நம் நாட்டிலே 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், எண்ணிக்கையிலே ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயோடு வாழ்கின்றனர் என்று 2023 இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. பதின்மூன்று பதினான்கு முதியோருக்கு ஒருவர்! எந்தத் தெருவிலும் ஒருவர் இருக்கிறார் என்று பொருள். உங்கள் தெருவிலே யார் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், அவர் வெளியே விடப்படுவதில்லை என்றும் பொருள்.

இந்நோயின் வரலாறு எப்படித் தொடங்கிற்று என்று எண்ணிப் பாருங்கள். 1901 நவம்பரில், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையிலே அகுஸ்தே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். கணவர் ரயில்வே ஊழியர். அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவரருகே அமர்ந்தார். பெயர் என்ன என்று கேட்டார். கணவர் பெயர் என்ன என்று கேட்டார். எழுதுகோலையும் சாவியையும் சுருட்டையும் காட்டி இவை என்ன என்று கேட்டார். அப்பெண்மணி பன்றி இறைச்சியும் காலிபிளவரும் உண்டுகொண்டிருந்தபோது, என்ன உண்கிறீர் என்று கேட்க, பசலைக்கீரை என்றார். அதையும் எழுதிக்கொண்டார் அல்சைமர். வினாவும் விடையும் அப்படியப்படியே! 1906 ஏப்ரலில் அகுஸ்தே மறைந்தார். அவ்வாண்டு நவம்பரிலே டூபிங்கன் நகரத்து மாநாட்டில் அல்சைமர் தம் கண்டுபிடிப்பை உரைத்தார். அந்த நோயாளி ஏடு பல்லாண்டு காணாமற்போய், 1995 இல் மீண்டும் கிடைத்தது. நுண்ணோக்கியிலே மூளைத் துண்டைப் பார்த்தது பிற்பாடு. அதற்கு ஐந்தாண்டு முன்பே, குழறிய வாயிலிருந்து வந்த சொல்லை மதித்துக் குறித்துக்கொண்டது நடந்துவிட்டது. இன்று அந்த மருத்துவர் பெயரை உச்சரிப்போரில் எத்தனை பேர் அவர் செய்த அந்த முதல் வேலையைச் செய்கிறார்கள்?

நான் அறிந்த ஒன்றைச் சொல்கிறேன். என் வீட்டுக்கு இரு வீடு தள்ளி ஓர் ஆயா. முப்பதாண்டுக்கு மேல் பீங்கான் பட்டறையிலே வேலை. நெய்வேலிப் பக்கத்து வெண்களியைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் அச்சிலே ஊற்றி, ஈரம் உலர்ந்ததும் எடுத்து, பிசிறு சீவி, சூளையிலே சுட்டு வரும் பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவர் பணி. எத்தனை ஆயிரம் கண்கள்! கொலுப்படியிலே அப்பொம்மைகளை ஏற்றிக் கும்பிட்டவர்கள், கண் கொடுத்த கையை அறியார்கள். கூலி நாட்கணக்கு, ஓய்வூதியம் கிடையாது. நாலாண்டுகளாக நினைவு தேய்ந்து வருகிறது. மகன் பெயர் போயிற்று. பேரப்பிள்ளைகள் போயினர். கை மட்டும் மறக்கவில்லை. திண்ணையிலே உட்கார்ந்து, கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து, இல்லாத தூரிகையை இல்லாத கிண்ணத்திலே தோய்த்து, காற்றிலே கண் எழுதிக்கொண்டிருப்பார். பெயர்களும் நாட்களும் அழிந்தபின்னும் கை பழகிய தொழில் நெடுங்காலம் நிற்கும் என்பது மருத்துவ நூல் ஒப்புக்கொண்ட செய்திதான். அந்த மருமகளுக்கோ நூலே வேண்டியதில்லை. அத்தை கண் எழுதிக்கொண்டிருந்தால் உடலுக்குத் தொல்லை இல்லை. கை நின்றால் எங்கோ வலி. இதுதான் அவர் கண்டறிந்த இலக்கணம்.

ஒருநாள் கை நின்றது. இரவெல்லாம் கத்தல்; புடவையைப் பிடித்திழுத்தல்; எழுந்தோட முயலுதல். மருத்துவமனை ஒன்றிலே சேர்த்தார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

"சிஸ்டர், அத்தை முந்தாநாள் வரைக்கும் இப்படி இல்லைங்க" என்றார் மருமகள்.

"வயசாயிடுச்சில்ல, அப்படித்தான் இருக்கும். நீ கொஞ்சம் வெளியே நில்லும்மா."

"பாட்டி, சும்மா படு!" என்று அதட்டல். ஊசி போடவிடாமல் கையை உதறியதால், துணிப்பட்டையால் கட்டிலோடு கை கட்டப்பட்டது. கண் எழுதிய கை! 'நாட் கோ-ஆபரேட்டிவ்' என்று ஏட்டிலே எழுதப்பட்டது. ஒத்துழைக்கவில்லையாம்! யாரோடு யார்?

மூன்று நாள் இப்படி. நாலாம் நாள் பணிமாறி வந்த இளம் மருத்துவர் ஒருவர், கட்டிலருகே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, "ஆயா, எங்க வலிக்குது?" என்று ஆயாவைக் கேட்டுவிட்டு, விடை வாராமற்போகவே மருமகளைப் பார்த்து, "வீட்டில எப்படி இருப்பாங்க? எப்பலேருந்து இந்த மாற்றம்?" என்றார். கை நின்றதையும், புடவையை அடிவயிற்றுப் பக்கம் இழுப்பதையும், தண்ணீர் குடிக்க மறுப்பதையும் மருமகள் சொன்னார். ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா? சிறுநீரைச் சோதித்தார்கள், தொற்று. மருந்து தந்தார்கள். சில நாளிலே திண்ணைக்குத் திரும்பினார் ஆயா, தூரிகை தோய்ந்தது. மகன் பெயர் திரும்பவில்லை, அது திரும்பாது.

இது ஏதோ ஓர் ஆயாவின் அவலம் என்று கடந்துவிட வேண்டா. மருத்துவத்திலே இதற்குத் தனி அதிகாரமே உண்டு. டெலிரியம் என்பார்கள், திடீர்க் குழப்பம் என்று நாம் சொல்லலாம். முதியவர்க்குச் சிறுநீர்த் தொற்றோ, நுரையீரல் காய்ச்சலோ, நீர்க்குறைவோ, மலச்சிக்கலோ, புதிதாகக் கொடுத்த மாத்திரையோ, வாய்விட்டுச் சொல்ல இயலாத வலியோ வந்தால், உடல் காட்ட வேண்டிய அறிகுறியை அறிவின் தடுமாற்றம் காட்டும். ஏற்கெனவே நினைவு தளர்ந்தவர்க்கு இது எளிதிலே வரும். நினைவிழப்பு ஆண்டுக்கணக்கிலே மெல்ல வருவது. இதுவோ மணிக்கணக்கிலே, நாட்கணக்கிலே வருவது. காரணத்தைக் கண்டு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தணியும். காணாமல் விட்டால் உயிரே போகலாம். மெல்ல வந்ததா, திடீரென வந்ததா என்று பிரித்தறிவது எப்படி? முன்பின் கண்டறியாத மருத்துவருக்கு முந்தாநாள் எப்படித் தெரியும்? இலட்சக்கணக்கிலே விலை கொடுத்து வாங்கிய ஸ்கேன் பொறிக்கும் முந்தாநாள் தெரியாது. முந்தாநாளை அறிந்தவர் உலகிலே ஒருவர்தான்; அவரைத்தான் வெளியே நிற்கச் சொல்கிறார்கள்!

தைராய்டு சுரப்பி குறைந்தாலும், பி12 என்னும் உயிர்ச்சத்து குறைந்தாலும், மனச்சோர்வு முற்றினாலும் நினைவு தடுமாறும், இவை சரிசெய்யத்தக்கவை. காது மந்தமானவரை அறிவு மந்தமானவர் என்று முடிவு கட்டுவதும் நாள்தோறும் நடப்பது. கேட்காத கேள்விக்கு விடை சொல்லத் தவறினார் என்று தண்டனை! காதுக்கருவியும் மூக்குக்கண்ணாடியும் வீட்டு அலமாரியிலே; அவற்றுக்குரியவர் மருத்துவமனைக் கட்டிலிலே.

"நேரமில்லை" என்பார்கள் மருத்துவத் துறையினர். இதை ஏளனம் செய்ய நான் விரும்பவில்லை. ஒரு செவிலியர் தலைமேல் ஒரு கூடம் நிறைய நோயாளிகளைச் சுமத்திவிட்டு, அன்பாகப் பேசு என்று அறிவுரை கூறுவது அக்கிரமம். செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டுக என்பதும் நம் கோரிக்கையே. ஆயினும் கணக்கைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கேளாமையினால் மூன்று நாள் போயிற்று. அந்த மூன்று நாளிலே அதட்டியது எத்தனை நிமிடம்? கட்டியது, அவிழ்த்தது, பிய்த்தெறிந்த ஊசியை மறுபடி செருகியது எத்தனை நிமிடம்? கேட்பதற்கு நேரமில்லை, கட்டுவதற்கு நேரமுண்டு என்பது என்ன கணக்கோ, பள்ளியிலே கணக்கு நடத்தும் எனக்கு விளங்கவில்லை.

வீட்டார் மட்டும் குற்றமற்றோரா? வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் வாசற்படி ஏறியதும் நடத்துவது என்ன? தேர்வு! "ஆயா, நான் யாரு சொல்லுங்க பார்ப்போம்?" "இவன் பேரு என்ன?" "இன்னைக்கு என்ன கிழமை?" தவறினால் சுற்றி நின்று சிரிப்பு. தேர்வு நடத்துவது என் தொழில். நடத்தியே ஆகவேண்டியிருப்பதால் நடத்துகிறேன். அதிலே தோற்ற பிள்ளையின் முகம் எப்படி வாடும் என்பதும் எனக்குத் தெரியும். எழுபதாண்டு உழைத்துத் தேய்ந்த ஒருவரை நாள்தோறும் தோல்வியடையச் செய்து பார்ப்பதிலே என்ன பாசம்? "நான் உங்க தம்பி மகன் வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் வாயா தேய்ந்துவிடும்?

பேசும் முறையொன்று இருக்கிறது. அது கற்கக்கூடியது, கற்பிக்கக்கூடியது. முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுக்காமல், முகத்தின் முன்னே வந்து, அவர் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து, பெயரையோ உறவையோ சொல்லி அழைப்பது. தொலைக்காட்சியை நிறுத்துவது. ஒரு வேளையிலே ஒரு கேள்வி. "சாப்பிடுறீங்களா, குளிக்கிறீங்களா, மாத்திரை போட்டாச்சா" என்று மூன்றை ஒருசேர வீசினால் மூன்றும் சிதறும். என்ன வேண்டும் என்று கேட்பதினும், இட்லியையும் கஞ்சியையும் காட்டி எது என்று கேட்பது எளிது. சொல் மறந்தவர்க்கும் விரல் உண்டு. கேட்டபின் பொறுத்திருக்க வேண்டும். நாம் எண்ணுவதினும் நெடுநேரம், பத்து இருபது என்று மனத்துக்குள் எண்ணும் அளவுக்கு! மூளையிலே வழி சேதமுற்றிருக்கிறது; சொல் சுற்றுவழியிலே வருகிறது. நாமோ வருமுன் அடுத்த கேள்வியை எறிந்து, வந்துகொண்டிருந்ததையும் விரட்டிவிடுகிறோம். இறந்துபோன கணவரை எங்கே என்று கேட்டால், "அவர் செத்துப் பத்து வருஷமாச்சு" என்று ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு சாவுச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டுமா? "தாத்தா நினைப்பு வந்துடுச்சா? அவரைப் பத்திச் சொல்லுங்க" என்றால் போதுமே. இங்கிலாந்தின் பிராட்போர்டு பல்கலைக்கழகத்திலே பணியாற்றிய டாம் கிட்வுட் என்ற அறிஞர், 1997 இல் வெளியிட்ட நூலிலே, நோய் பறிப்பதற்கு மேல் சுற்றியிருப்போர் நடத்தையும் பறிக்கிறது என்று விரிவாக வாதாடினார். அதட்டல், அவசரம், ஏய்ப்பு, இல்லாதவர்போல் எண்ணி அவர் முன்னேயே பேசுதல், இவையெல்லாம் அவர் தந்த பட்டியலிலே உண்டு. விருத்தாசலத்துக்கு வந்து பார்த்து எழுதினாரோ என்று ஐயுறத் தோன்றும்!

மொழிக்கு வருவோம். நினைவு தளரும்போது, பிற்காலத்திலே கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி நெடுநாள் நிற்பது பலரிடத்தும் காணப்படுவது. ஆங்கிலமே அறியாத ஆயாவின் கட்டிலைச் சுற்றி நின்று, ஆயாவைப் பற்றி ஆங்கிலத்திலே பேசுகிறார்களே, அது எந்த அறிவியல்? ஆயாவுக்கும் தெரியவில்லை, மருமகளுக்கும் தெரியவில்லை. வெளியேறும்போது கையிலே திணிக்கப்படும் தாளும் ஆங்கிலம். காலையிலே எது, இரவிலே எது என்று மருந்துக்கடைப் பையனைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறார்கள்! தமிழ்நாட்டிலே, தமிழர் வரிப்பணத்திலே, தமிழ் மருத்துவர், தமிழ் நோயாளிக்கு எழுதுகிற தாள் இது. மேடையிலே தமிழ் வாழ்க என்று முழங்கிய நாம், மருத்துவமனைக் கட்டிலருகே தமிழ் வாழ்கிறதா என்று எட்டிப் பார்த்தோமா?

அறிவை அளக்கும் அளவுகோலிலும் வஞ்சம் உண்டு. 1975 இல் அமெரிக்காவிலே வகுக்கப்பட்டு உலகெங்கும் பரவிய ஒரு சோதனை, 30 மதிப்பெண். தேதி சொல்ல வேண்டும், எண்களைக் கழிக்க வேண்டும், வாக்கியம் எழுத வேண்டும், பின்னிக்கிடக்கும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். பள்ளி வாயிலையே மிதிக்கவிடாமல் தடுத்து வைத்தோம் ஒரு பாட்டியை. அவர் கையிலே எழுதுகோலைக் கொடுத்து ஐங்கோணம் வரை என்கிறோம். வரையவில்லை என்றதும் அறிவில்லை என்கிறோம். சாதியும் வறுமையும் பறித்ததை நோயின் கணக்கிலே எழுதும் கூத்து! இதை உணர்ந்த ஆய்வாளர் குழுவொன்று 1998 இல் அமைந்தது. 10/66 என்பது அதன் பெயர். நினைவிழப்புக்கு ஆளானோரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளிலே. ஆய்விலே அந்நாடுகளுக்குக் கிடைப்பதோ 10 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த அநீதியையே பெயராகச் சூட்டிக்கொண்டது அக்குழு. சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்கள். எழுத்தறியாதார்க்கும் பொருந்தும் சோதனை முறையை வகுத்தார்கள். அதிலே முதியவரைக் கேட்பதோடு, அவரை நன்கறிந்த வீட்டாரைக் கேட்பதும் சோதனையின் ஒரு பகுதி. மருமகள் சொல்வது வம்பளப்பன்று, மருத்துவச் சான்று என்று ஆய்வுலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. இளமையிலே கல்வி கிடைக்காமையே பிற்காலத்திலே இந்நோய்க்கு இடந்தரும் காரணங்களுள் ஒன்று என்றும் அறிஞர் கூறுகின்றனர். லான்செட் இதழின் ஆணையம் 2024 இல் தந்த அறிக்கை, மாற்றத்தக்க காரணங்கள் பதினான்கைக் குறித்து, அவற்றை அகற்றினால் 45 விழுக்காடு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. கல்விக்குறைவும் காது கேளாமையும் அப்பதினான்கிலே உள்ளவை. முன்பொரு நாள் பள்ளிக்கதவைச் சாத்தியவர்கள், எதை எதையெல்லாம் சாத்தினார்கள் பாருங்கள்!

இனி, நம் பண்பாட்டுப் பெருமை பேசுவோர் வருவார்கள். "முதியோர் இல்லம் மேனாட்டுச் சரக்கு, நாம் கூட்டுக் குடும்பமாய்ப் பெற்றோரைத் தெய்வமாய்ப் போற்றுகிறோம்." போற்றுவது யார், ஐயா? நாம் என்றால் யார்? இரவு இரண்டு மணிக்கு எழுந்து, ஈரத்துணி மாற்றி, தெருவிலே இறங்கி ஓடுகிறவரைத் தேடிப் பிடித்து, தன்னையே திருடி என்று ஏசும் வாய்க்குக் கஞ்சி ஊட்டி, விடிந்ததும் பட்டறைக்கோ வயலுக்கோ போகிறவள் யார்? மருமகள், அவள் இல்லாவிடில் மகள், அவளும் இல்லாவிடில் மனைவி. பெருமை குடும்பத்துக்கு, பாடு பெண்ணுக்கு! அவள் அலுத்துக்கொண்டால் "கொடுமைக்காரி", அலுக்காவிட்டால் "கடமைதானே". அவளுக்கு முதுகுவலி உண்டா, உறக்கம் உண்டா என்று கேட்கிற மருத்துவரை நான் இன்னும் பார்க்கவில்லை. 2007 இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகள் பணம் கொடுக்க வேண்டும் என்றது. நல்லது. ஓர் இரவு ஓய்வு கொடுக்கும் ஏற்பாடு எங்கே?

வீட்டார் கைவிட்டால் நிலை என்ன என்பதற்கு ஏர்வாடி சாட்சி. நோய் தீரும் என்ற நம்பிக்கையிலே கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளர்களை விடுதிகளிலே சங்கிலியிட்டு வைத்திருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியுமுன் விடுதியொன்றிலே தீப்பற்றியது. கட்டுண்டவர்கள் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அதன்பின் அவ்விடுதிகள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று தடுத்தது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவை இளைஞர்கள் மனப்பாடம் செய்யவேண்டும் என்பேன். நோயாளிக்குச் செய்தியை அவருக்குப் புரியும் எளிய மொழியிலே, சைகையாலோ படங்களாலோ வேறு வழியாலோ தரவேண்டும் என்கிறது; அவர் தம் முடிவைச் சொல்லாலோ முகக்குறிப்பாலோ சைகையாலோ தெரிவிக்கலாம் என்கிறது. மனநோய்க்கு அச்சட்டம் தரும் வரையறையிலே நினைவின் சீர்கேடும் அடங்கும். ஆகவே, ஆயாவின் கண் எழுதும் கைக்குச் சட்டத்திலே இடம் உண்டு. சட்டம் தில்லியிலே, துணிப்பட்டை இங்கே.

செய்வோர் ஒருவருமே இல்லை என்று சொல்லமாட்டேன். மருத்துவர் சாரதா மேனன் 1984 இல் சென்னையிலே தோற்றுவித்த ஸ்கார்ஃப் நிறுவனம், நினைவிழப்புக்கு ஆளானோர்க்கும் பேணுவோர்க்கும் டெம்கேர்ஸ் என்ற தனிப்பிரிவைத் தொடங்கிற்று. கேரளத்திலே 1992 இல் இந்நோய்க்கென்றே ஒரு சங்கம் எழுந்தது. ஆனால் சென்னை இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். இரவெல்லாம் விழித்த மருமகள் ரயிலேறிப் போய்ப் பயிற்சி பெறுவாளா? 2021 ஆகஸ்ட் 5 இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. மகளிர் குழுவைச் சேர்ந்த பெண்களே கொண்டுவந்தார்கள். வாசல் வரை வந்த கால்களுக்கு இரண்டு கேள்விகளைக் கற்றுக்கொடுத்தால் என்ன? பெரியவரின் நடத்தையிலே இவ்வாரம் திடீர் மாற்றம் உண்டா? பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு உறக்கம் உண்டா?

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. பிரிட்டனிலே, நினைவு தளர்ந்தவர் மருத்துவமனைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோக 'இது நான்' என்ற தலைப்பிலே ஒரு தாளை அல்சைமர் சங்கம் அச்சிட்டு வழங்குகிறது. எப்படி அழைத்தால் பிடிக்கும், என்ன தொழில் செய்தவர், வலித்தால் எப்படிக் காட்டுவார், எதற்கு அஞ்சுவார், எது அமைதி தரும், கண்ணாடி உண்டா, காதுக்கருவி உண்டா, யார் பேணுகிறார் என்று வீட்டார் எழுதிக் கொடுப்பார்கள். செவிலியர் கட்டிலருகே வைத்துக்கொள்வார். அவ்வளவுதான், அரைத்தாள் விவகாரம். தமிழிலே, பெரிய எழுத்திலே, பின்புறம் உணவு, தண்ணீர், கழிப்பிடம், வலி ஆகியவற்றுக்குப் படத்தோடு, இதை அச்சடிக்க நமக்கு என்ன தடை? ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்திருக்கிறோம். மாலையிலே நாளேடு புரட்டும் தோழர்கள் இருவர் இருவராகப் பிரிந்து, பீங்கான் பட்டறைத் தெருக்களிலே தொடங்கி, வீடு வீடாகப் போகலாம். செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாள். ஊர்வலமும் ஒலிபெருக்கியும் வேண்டா, அதற்குள் நூறு தாள் நிரம்பட்டும். மருத்துவமனைத் தலைமை மருத்துவரைக் கண்டு, இத்தாளோடு வரும் நோயாளியின் வீட்டார் ஒருவரைக் கூடத்துக்குள்ளே இருக்கவிடுங்கள் என்று எழுத்திலே கேட்கலாம். மறுத்தால் மறுப்பையும் எழுத்திலே வாங்கி வாருங்கள், இவ்வேட்டிலே வெளியிடுவோம்.

போகும்போது நினைவிருக்கட்டும். நாற்காலியை முதியவர் பக்கம் இழுத்துப் போடுங்கள். எப்படி அழைத்தால் பிடிக்கும் என்ற முதல் கேள்விக்கு மருமகள் விடை சொல்ல வாய் திறந்தால், "கொஞ்சம் பொறுங்க அக்கா" என்று கேட்டுக்கொண்டு, அவரையே கேளுங்கள். இருபது எண்ணும்வரை எழுதுகோலைத் திறக்க வேண்டா.